உதடு படாமல்

என் வீட்டுக்காரர் அனந்தநாராயணன் ரிடையரான பிறகு ஒயின் குடிக்கக் கற்றுக்கொண்டார். விஷயம் வெளியே தெரிந்ததும் நாங்கள் இருக்கிற மாட்டுங்காவில் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். பெற்ற பெண் கெடுத்துவிட்டாள் என்றார்கள். வேலையில்லாமல் உட்கார்ந்தால் மனுஷனுக்குப் புத்தி இப்படித்தான் போகும் என்றார்கள். அம்மிணி எப்படிச் சும்மா இருந்தாள் என்றும் கேட்டார்கள். அம்மிணி நான்தான். நான் சும்மா இருக்கவில்லை, கூடவே போய் நானும் குடித்தேன். ஆகவே நடந்ததைச் சொல்ல என்னைவிட யோக்கியதை உள்ள ஆள் கிடையாது.

முதலில் இவருடைய டம்ளர் விவகாரத்தைச் சொல்ல வேண்டும். இவர் எதையும் உதடு பட்டுக் குடிக்க மாட்டார். தண்ணீர், காபி, மோர், பாயசம் எதுவானாலும் தலையை அண்ணாந்து, டம்ளரைத் தூக்கி, ஒரு சொட்டுச் சிந்தாமல் தொண்டைக்குள் விடுவார். எங்கள் பாலக்காட்டுக் குடும்பங்களில் இது ஒன்றும் அதிசயம் இல்லை. நானும் அப்படித்தான் வளர்ந்தேன். டெலிபோன் ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்த பிறகு, கான்டீன் கோப்பையில் எனக்கு அது விட்டுப்போயிற்று. இவர் சர்ச்கேட்டில் இன்சூரன்ஸ் ஆபீஸுக்கு ஆயுசு பூரா போய்வந்தும் விடவில்லை. குலுங்குகிற லோக்கலில் நின்றுகொண்டே இவர் அண்ணாந்து தண்ணீர் குடிப்பதைப் பார்த்து பக்கத்தில் நிற்பவர்கள் கைதட்டாத குறைதான். வீட்டில் இவருக்கென்று ஒரு டம்ளர். அதில் வேறு யார் வாயாவது பட்டால் எச்சில். புளி போட்டுத் தேய்த்துக் கழுவினால்தான் அது மறுபடி டம்ளர் ஆகும்.

மானசா எங்களுக்கு ஒரே பெண். அவளுக்கு ஆறு வயது இருக்கும்போது ஒருநாள் இவர் காபியை மேஜையில் வைத்துவிட்டுப் பேப்பர் எடுக்க வாசலுக்குப் போனார். திரும்பி வந்தால் டம்ளர் அவள் வாயில் இருந்தது. இவர் திட்டவில்லை, அடிக்கவில்லை. டம்ளரை வாங்கிக் காபியை ஸிங்க்கில் கொட்டினார். புளி எடுத்துத் தேய்த்தார். "அம்மிணி, வேற காபி கலந்துடு" என்றார். அவ்வளவுதான் நடந்தது. ரெண்டு அடி போட்டிருந்தால் குழந்தை மறுநாளே மறந்திருக்கும். வளர்ந்த பிறகு அப்பாவோடு எதற்குச் சண்டை வந்தாலும் கடைசியில் அந்தக் காபியில்தான் வந்து நிற்பாள். "அதையா இன்னும் பிடிச்சுண்டு தொங்கறா?" என்று இவர் என்னைக் கேட்பார்.

அவள் மைக்ரோபயாலஜி படித்துவிட்டு நாசிக் பக்கத்தில் ஒயின் தயாரிக்கிற கம்பெனி ஒன்றில் சேர்ந்தாள். திராட்சையை எப்போது பறிப்பது, எத்தனை நாள் புளிக்கவிடுவது, எந்தப் பீப்பாயில் ஊற்றி எவ்வளவு காலம் வைப்பது என்பதெல்லாம் அவள் வேலை. இவர் ஒரு தடவைகூட அங்கே போனதில்லை. உறவுக்காரர்கள் கேட்டால் 'ஃபுட் ப்ராசஸிங்' என்பார். அது பொய்யில்லை என்பது இவர் கட்சி. போன தீபாவளிக்கு அவள் வந்திருந்தபோது கல்யாணிலிருந்து வந்த இவருடைய சித்தப்பா பையன் கேட்டான். அவளை வைத்துக்கொண்டே, "திராட்சை ஜூஸ் கம்பெனி" என்று சொல்லிவிட்டார். மானசா தட்டில் இருந்த முறுக்கைத் தின்று முடித்தாள், பையை எடுத்தாள், அன்று சாயங்காலமே நாசிக்குக்குப் போய்விட்டாள். அதன்பிறகு போன் எனக்கு மட்டும்தான் வரும்.

இந்த வருஷம் ஒருநாள் போனில் அவள் குரலே வேறு மாதிரி இருந்தது.

"அம்மா, எனக்குன்னு கம்பெனி தோட்டத்துல ஒரு ப்ளாட் குடுத்திருந்தா. பறிச்சதுலேர்ந்து பீப்பாய் வரைக்கும் எல்லாம் நானே பண்ணினேன். அடுத்த மாசம் பாட்டில்ல போடறா. அதுக்கு முன்னாடி நீ வந்து பாரும்மா."

"அப்பா?" என்றேன்.

"வரட்டும். ஆனா வந்தா குடிச்சுப் பார்க்கணும். பார்த்துட்டு எப்படி இருக்குன்னு சொல்லணும். ஆபீஸ் ரூம்ல உட்கார்ந்துண்டு மோர் இருக்கான்னு கேக்கறதா இருந்தா வேண்டாம். அப்படி ஏதாவது பண்ணினார்னா நான் இனிமே மாட்டுங்கா பக்கமே வரமாட்டேன். ஐ மீன் இட், அம்மா. ட்ராமா இல்லை."

ஸ்பீக்கரில்தான் பேசிக்கொண்டிருந்தேன். இவர் எதிரே நகம் வெட்டிக்கொண்டிருந்தார். அவள் வைத்த பிறகும் வெட்டிக்கொண்டே இருந்தார். வெட்ட நகம் ஏது என்று எனக்கே சந்தேகமாக இருந்தது.

"இதுக்கு எங்கேயாவது கிளாஸ் எடுக்கறாளா?" என்று கேட்டார்.

இவர் சுபாவம் அது. இன்சூரன்ஸ் பரீட்சைகளுக்கு கோச்சிங், ஹிந்திக்கு கோச்சிங், கார் இல்லாதபோதே டிரைவிங்குக்கு கோச்சிங். நான், "போய் ஒரு வாய் குடிச்சுட்டு நன்னாருக்குன்னு சொல்லிட்டு வாங்கோளேன். இதுக்கு எதுக்குக் கிளாஸ்?" என்றேன்.

"சும்மா சொன்னா அவ கண்டுபிடிச்சுடுவா. தெரிஞ்சுண்டு சொல்லணும்" என்றார்.

ஜன்மத்தில் முதல் தடவையாகச் சரியாகப் பேசுகிற மனுஷரை எதற்கு இடைமறிப்பது?

கிளாஸ் செம்பூரில் கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில், ஸ்டேஷன் பக்கம் ஒரு ட்யூஷன் சென்டரின் மாடியில். போர்டில் முதல் நாள் யாரோ போட்ட டிரிக்னாமெட்ரி அழிக்காமல் இருந்தது. ஐரோலியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற பையன்கள், பெண்கள், ஹோட்டலில் பயிற்சிக்குச் சேர்ந்தவர்கள் என்று ஒரு கூட்டம். இவர் பழக்கதோஷத்தில் முதல் பெஞ்சில் போய் உட்கார்ந்தார். எல்லோரும் எங்களைப் பெண்ணை அழைத்துப் போக வந்த பெற்றோர் என்று நினைத்தார்கள்.

டீச்சர் பெயர் மாரிசெல்வி. முப்பது வயது இருக்கும், கறுப்புச் சட்டை, கிராப் தலை. ஒரு பெரிய ஹோட்டலில் வருஷக்கணக்காக ஒயின் பரிமாறியவள், அதற்கென்று வெளிநாட்டுப் பரீட்சையெல்லாம் பாஸ் செய்தவள். கிளாஸை இங்கிலீஷிலும் ஹிந்தியிலும் நடத்தினாள். எங்கள் பேச்சைக் கேட்டதும் தமிழுக்கு மாறினாள். "நான் தாராவியில பிறந்து வளந்தவம்மா. ஊரு திருநெல்வேலி பக்கம்" என்றாள்.

எடுத்த எடுப்பில் என்னிடம், "அம்மா, தலையில இருக்க பூவக் கழட்டி வெளிய வச்சிருங்க. மல்லியப்பூ இருந்தா இங்க ஒருத்தர் மூக்கும் வேல செய்யாது" என்றாள். இவரிடம், "சார் காபி குடிச்சிட்டுத்தான வாரீய?" என்றாள்.

"இல்லையே" என்றார் இவர்.

"வாசம் இங்கன வரைக்கும் அடிக்கி. அடுத்த வாரம் காபி கிடையாது. நாக்கு வெறும் நாக்கா இருக்கணும்."

காலைக் காபி கிடையாது என்றதும் இவர் முகம் போன போக்கைப் பார்த்து, அடுத்த வாரம் கிளாஸே கிடையாது என்று நினைத்தேன். அதற்குள் வேறு சங்கடம் வந்தது. எல்லோர் முன்னாலும் கண்ணாடிக் கிளாஸ் வைத்துக்கொண்டே வந்தாள். இவர் பையைத் திறந்து தன் எவர்சில்வர் டம்ளரை எடுத்து மேஜையில் வைத்தார்.

"இது என்னத்துக்கு சார்?"

"இதுலயே விட்டுடுங்கோம்மா. எனக்கு இதுதான் பழக்கம்."

மாரிசெல்வி ஊற்றவில்லை. "ஏன், எங்க கிளாஸ்ல குடிச்சா என்ன? தாராவின்னு சொன்னேம்லா, அதுக்காவயா?"

"ஐயையோ, அதெல்லாம் இல்லேம்மா. நான் யார் டம்ளர்லயும் குடிக்கறதில்லே. இதோ இவ டம்ளர்லகூடக் குடிச்சதில்லே."

"அது நிஜம்தாம்மா" என்றேன் நான். "கட்டிண்டு வந்தவ வாய் பட்டதும் இவருக்கு ஆகாது. எல்லாருக்கும் ஒரே நியாயம்தான்."

"எல்லாருக்கும் ஒரே நியாயம்னு சொல்லுதது லேசும்மா" என்றாள் அவள். குரலை உயர்த்தவில்லை. "எங்க அப்பா கொத்தனார் வேலைக்குப் போன வீட்டுலயும் இதத்தான் சொன்னாவ. அவருக்கு மட்டும் டம்ளர் வெளிய மாடத்துல இருக்கும். இங்க இந்தக் கிளாஸ்தான் சார். இஷ்டம் இருந்தா இருங்க."

எனக்குக் காது வரை சுட்டது. இவரைக் காப்பாற்றப் போய் நான் வாங்கிக் கட்டிக்கொண்டேன், அதுவும் நியாயமாக. இவர் டம்ளரைப் பைக்குள் வைத்தார். எழுந்து போய்விடுவார் என்று பார்த்தேன். போகவில்லை. கிளாஸைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார். மாரிசெல்வி ஊற்றினாள்.

கிளாஸை எடுத்துக்கொண்டாரே தவிர உதட்டை விட்டுக்கொடுக்கவில்லை. எல்லோரும் கிளாஸுக்குள் மூக்கை விட்டு முகர்ந்துகொண்டிருக்கும்போது இவர் அண்ணாந்தார், தூக்கினார், விட்டார். ஒயின் கிளாஸுக்கு வாய் உள்பக்கமாகக் குவிந்திருக்கும் என்பதை யோசிக்கவில்லை. முதலில் ஒன்றும் வரவில்லை. இன்னும் கொஞ்சம் சாய்த்தார். மொத்தமும் ஒரேயடியாக வந்து, பாதி தொண்டைக்கும் மீதி வெள்ளைச் சட்டைக்கும் போயிற்று. பின்பெஞ்சில் ஐரோலிப் பையன் ஒருவன் "அரே பாப்ரே" என்றான்.

மாரிசெல்வி சிரிக்கவில்லை என்பதைச் சொல்ல வேண்டும். டிஷ்யூ பேப்பரைக் கொடுத்துவிட்டு, "சார், மேல இருந்து ஊத்துனா அது நேரா வயித்துக்குப் போயிரும். வாசமும் தெரியாது ருசியும் தெரியாது. மூக்கு உள்ள போவணும். உதடு படணும். வாயில வச்சு எச்சியோட உருட்டணும். எச்சி படாம ஒயினு இல்ல சார்" என்றாள்.

அடுத்தது வாளி. மேஜைக்கு ஒரு ஸ்டீல் வாளி வைத்திருந்தாள். வாயில் உருட்டிப் பார்த்த பிறகு அதில் துப்பிவிட வேண்டும். விழுங்கிக்கொண்டே போனால் நாலாவது கிளாஸில் தலை சுற்றும், ருசி தெரியாது. நாலு பேர் ஒரே வாளியில் துப்புவதைப் பார்த்ததும் இவர் கண்ணை மூடிக்கொண்டார். தினமும் விடியற்காலையில் ஏழு வீட்டுக்குக் கேட்கும்படி காறிக் கொப்பளிக்கிற மனுஷருக்கு, நாலு பேர் முன்னால் நாசூக்காகத் துப்ப வரவில்லை. வந்ததையெல்லாம் விழுங்கினார். நான் முதல் கிளாஸிலேயே கற்றுக்கொண்டுவிட்டேன். துப்புவதில் ஒரு சுகம் இருக்கிறது, அதை யாரும் பெண்களுக்குச் சொல்லித்தருவதில்லை.

திரும்பும்போது குர்லாவில் வண்டி மாற வேண்டும். பிளாட்பாரத்தில் கூடை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரு மராட்டி அம்மாளிடம் இவர், பாலிசி போனஸ் எப்படிக் கணக்குப் போடுகிறார்கள் என்று விவரமாக எடுத்துச் சொல்ல ஆரம்பித்தார். அவளும் பொறுமையாகக் கேட்டாள். நான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து வண்டியில் ஏற்றினேன்.

"இனிமே போக வேண்டாம்" என்றேன் வீட்டுக்கு வந்ததும்.

"மானசா சொன்னது உனக்குக் கேட்டதோ இல்லையோ?" என்றார்.

சயானில் போய் ஒரு ஒயின் கிளாஸ் வாங்கி வந்தார். தினமும் சாயங்காலம் அதில் தண்ணீர் ஊற்றி, விளக்கெண்ணெய் குடிக்கப் போகிற குழந்தை மாதிரி கண்ணை இறுக்கிக்கொண்டு, உதட்டில் வைத்துக் குடித்துப் பழகினார். தன் கிளாஸ், தன் எச்சில், ஆகையால் பாதகமில்லை என்று இவரே ஒரு சட்டம் போட்டுக்கொண்டார். குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு துப்பிப் பார்ப்பார். மூக்குக்குப் பயிற்சி என்று மாரிசெல்வி சொல்லிவிட்டாள், அதனால் என் சமையலறையில் ஒரு டப்பா பாக்கியில்லை. பெருங்காயம், மிளகு, சுக்கு, பழம்புளி, பழைய மாவடு ஜாடி எல்லாவற்றுக்குள்ளும் மூக்கை விட்டார். மகாராஷ்டிரத்தில் குடிக்கப் பர்மிட் வேண்டும் என்று கேள்விப்பட்டு அதையும் முறைப்படி வாங்கி வந்தார். எனக்குச் சிரிப்பாக இருந்தது, கூடவே பாவமாகவும் இருந்தது. மானசா குழந்தையாக இருந்தபோது அவள் விளையாட்டில் இதில் கால்வாசி அக்கறை காட்டியிருந்தால் எங்கள் வீட்டுக் கதையே வேறாக இருந்திருக்கும்.

வகுப்பிலும் முன்னேற்றம்தான். காபி குடிக்காமல் வந்தார். மாரிசெல்வியின் கிளாஸிலேயே மூக்கை விட்டார், உதட்டை வைத்தார். கர்சீப்பால் விளிம்பை ஒருதரம் துடைத்துக்கொள்வார், அவள் பார்த்தும் பார்க்காத மாதிரி போய்விடுவாள். வாளிக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று துப்பவும் வந்துவிட்டது. ஆனால் ருசி? அதுதான் வரவில்லை. அதற்குப் பதில் புஸ்தகம் வாங்கி நெட்டுருப் போட்டார்.

கடைசி வகுப்பில் பெயர் சொல்லாமல் ஒரு சிவப்பு ஒயினைக் கொடுத்துச் சொல்லச் சொன்னாள். இவர் எழுந்து நின்று, "பிளாக்பெரி, மிளகு, புகையிலை, செடார் மரம்" என்றார்.

"பிளாக்பெரி தின்னுருக்கீயளா சார்?"

"இல்லே."

"செடார் மரத்த எங்கயாவது பாத்திருக்கீயளா?"

"புஸ்தகத்துல இருக்கு."

"புஸ்தகமா குடிச்சிச்சி? நீங்கல்லா குடிச்சீய. உங்க நாக்கு என்ன சொல்லுது?"

இவர் மறுபடி குடித்தார். உருட்டினார். துப்பினார். "தெரியலேம்மா" என்றார். முகம் பரீட்சையில் ஃபெயிலான பையன் முகம் மாதிரி இருந்தது. நாசிக்குக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லியாகிவிட்டது.

வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு நான் மாரிசெல்வியிடம் விஷயத்தைச் சொன்னேன். எங்களுக்குப் பெண் இருக்கிறாள், அவள் என்ன செய்கிறாள், இவர் எதற்காக இந்தப் பாடு படுகிறார் என்று எல்லாவற்றையும். அவள் கிளாஸ்களைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"இத முதல் நாளே சொல்லிருக்கக் கூடாதா?" என்றாள். இவரிடம் திரும்பி, "சார், உங்க மக தயாரிக்கிறவ. அவகிட்டப் போயி இந்த லிஸ்ட்டச் சொல்லாதீய. அத அவளுக்கு தினம் நாலு பேரு சொல்லுவாவ. புளிப்பு கூடவா குறையவா, துவர்ப்பு நாக்குல எங்கன புடிக்கி, முழுங்குனப்புறம் ருசி நிக்குதா ஓடிருதா, இதத்தான் அவ கேப்பா" என்றாள்.

"புளிப்பா?" என்றேன் நான். "புளிப்பு கூடக்குறைச்சல் சொல்றதுல இவரை அடிச்சுக்க ஆள் கிடையாதும்மா. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து என் ரசத்துல தினம் அதைத்தானே சொல்லிண்டிருக்கார்."

மாரிசெல்வி அன்றுதான் முதல்முதலாகச் சிரித்தாள். "அப்ப ரசம்னு நினைச்சுக் குடிங்க சார்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தாதரில் வண்டி ஏறினோம். இவர் காபி குடிக்கவில்லை, நானும் பூ வைத்துக்கொள்ளவில்லை. இவர் மடியில் துண்டில் சுற்றிய ஒயின் கிளாஸ். மாரிசெல்வியின் கிளாஸில் குடித்த பிறகும், இந்த ஒன்றை மட்டும் விடவில்லை. கசாரா மலையேற்றத்தில் வண்டி மெதுவாகப் போகும்போது, வெளியே பார்த்துக்கொண்டே, "அந்தக் காபியைக் கொட்டினப்போ மானசா அழுதாளா?" என்று கேட்டார்.

"அழலை" என்றேன்.

"பின்னே?"

"அன்னிலேர்ந்து அவ காபியே குடிக்கறதில்லை. பூஸ்ட், பால், இப்போ டீ. நம்மாத்துல பொறந்து காபி குடிக்காத பொண்ணு. ஏன்னு என்னிக்காவது கேட்டிருக்கேளா?"

இவர் திரும்பி என்னைப் பார்த்தார். நான் ஏதோ சாதாரணமாகத்தான் சொன்னேன், இவருக்குத் தெரிந்திருக்கும் என்றுகூட நினைத்திருந்தேன். தெரிந்திருக்கவில்லை. அவளுக்குக் காபி பிடிக்காது என்று இத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

நாசிக் ரோடு ஸ்டேஷனுக்கு மானசா கார் கொண்டுவந்திருந்தாள். முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ், விரல் நுனியெல்லாம் ஊதாக் கறை. என்னைக் கட்டிக்கொண்டாள். இவரைப் பார்த்து, "வாங்கோப்பா" என்றாள், அப்பா என்பதற்குள் கார் கதவைத் திறக்கத் திரும்பிவிட்டாள்.

பீப்பாய்கள் இருந்த அறை குளிர்ச்சியாக, அரை இருட்டாக இருந்தது. மர வாசனையும் ஊறின நெல்லிக்காய் வாசனையும் அடித்தது. எட்டுப் பத்துப் பீப்பாய்களுக்கு முன்னால் நின்று, "இதெல்லாம் என்னோடது" என்றாள். சொல்லிவிட்டு அப்பாவைப் பார்த்தாள். இவர் துண்டை அவிழ்த்துக் கிளாஸை எடுத்தார்.

அவள் முகம் சுண்டிப்போயிற்று. "சொந்தக் கிளாஸா?" என்று சிரித்தாள். நல்ல சிரிப்பு இல்லை அது. "எனக்குத் தெரியும், கொண்டுவருவேள்னு." எனக்கு இவரை அங்கேயே நாலு கேட்க வேண்டும் போல இருந்தது. பொறுத்துக்கொண்டேன்.

அவள் ஒரு பீப்பாயின் அடைப்பைப் பிடுங்கினாள். நீளமான கண்ணாடிக் குழாயை உள்ளே விட்டு, மேல்பக்கம் கட்டைவிரலால் அடைத்து, ஒயினை எடுத்துத் தன் கையில் இருந்த கிளாஸில் விட்டாள். விட்ட கையோடு அதை முகர்ந்தாள், ஒரு வாய் குடித்து உருட்டி, தரையில் ஓடுகிற சாக்கடைக் கால்வாயில் சரியாகத் துப்பினாள். பீப்பாயிலிருந்து எடுத்ததை ஒயின் தயாரிக்கிறவர்கள் தாங்கள் பார்க்காமல் யாரிடமும் கொடுப்பதில்லை. கெட்டிருந்தால் தங்களுக்குத்தான் முதலில் தெரிய வேண்டும். அது தொழில் பழக்கம், யோசித்துச் செய்வதில்லை. செய்த பிறகுதான் எதிரே நிற்பது யாரென்று அவளுக்கு உறைத்தது.

"ஸாரி. மறந்துட்டேன்" என்றாள். "இருங்கோ, உங்க கிளாஸ்ல வேற எடுத்துத் தரேன்." மிச்ச ஒயினைக் கால்வாயில் கொட்டக் கிளாஸைச் சாய்த்தாள்.

"கொட்டாதே" என்றார் இவர்.

அறையில் அந்தக் குரல் கொஞ்சம் பெரிதாகத்தான் கேட்டது. மானசா அப்படியே நின்றாள். இவர் தன் கிளாஸைத் துண்டோடு பீப்பாயின் மேல் வைத்துவிட்டுக் கையை நீட்டினார்.

"இது எச்சில்ப்பா."

"தெரியும். கொடு."

கொடுத்தாள். விளிம்பில் அவள் உதடு பட்ட இடத்தில் ஈரம் இருந்தது, அந்த அரை இருட்டிலும் எனக்குத் தெரிந்தது. இவர் கர்சீப்பை எடுக்கவில்லை. கிளாஸை மறுபக்கம் திருப்பவும் இல்லை. மூக்கை உள்ளே விட்டு மெதுவாக இழுத்தார். உதட்டில் வைத்து ஒரு வாய் குடித்தார். கன்னம் இப்படியும் அப்படியும் போய்வந்தது. மானசா ரிசல்ட் பார்க்கிறவள் மாதிரி அந்தக் கன்னத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் குருவாயூரப்பனிடம், இந்த மனுஷர் பிளாக்பெரி என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன்.

"புளிப்பு ஒரு இழை தூக்கல்" என்றார்.

என் ரசத்துக்குச் சொல்கிற அதே வார்த்தை, அதே குரல். தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. பெண்ணோடு சமாதானமாகப் போக வந்த இடத்தில் பேசுகிற பேச்சா இது?

மானசாவுக்குக் கோபம் வரவில்லை. அவள் கண் நிறைந்துவிட்டது. "மழைக்குப் பயந்து சீக்கிரம் பறிச்சுட்டேன்ப்பா" என்றாள். "இன்னும் கொஞ்ச நாள் கொடியில விட்டிருக்கணும். எனக்குத் தெரியும். இங்கே ஒருத்தரும் சொல்லலை. எல்லாரும் சூப்பர், சூப்பர்னுட்டுப் போயிடறா. எனக்குத்தான் நாக்குல ஏதோ கோளாறுன்னு நினைச்சுண்டிருந்தேன்."

"உன் நாக்கு சரிதான்" என்றார் இவர். "வெச்சிருந்தா அடங்குமா?"

"பாட்டில்ல ஒரு வருஷம் கிடந்தா அடங்கும்."

"அப்போ ஒரு வருஷம் கழிச்சு வந்து பார்க்கறேன்."

அவள் புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள், கன்னத்தில் ஊதா தீற்றிக்கொண்டது. கால்வாயைக் காட்டி, "துப்புங்கோப்பா, அங்கேயே துப்பலாம்" என்றாள்.

"முழுங்கிட்டேன்" என்றார்.

பிறகு கிளாஸை என் பக்கம் நீட்டினார். "நீயும் பாரு, அம்மிணி."

எனக்குச் சந்தோஷம் வந்தது என்று சொன்னால் பொய். கோபம்தான் முதலில் வந்தது. இத்தனை வருஷம் கூட இருந்தவளுக்கு வளையாத கழுத்து பெண்ணுக்கு வளைகிறதே என்று பொறாமையாகக்கூட இருந்தது. இவர் வாய் பட்ட ஒன்று என் கைக்கு வருவது அதுதான் முதல் தடவை. வாங்கிக் குடித்தேன். புளிப்பு தூக்கல்தான், ஆனால் நாக்கை விட்டுப் போகாமல் நின்றது, நன்றாகவே இருந்தது. நானும் துப்பவில்லை.

அடியில் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. இவர் என் கையிலிருந்து கிளாஸை வாங்கி, அதை உதட்டில் வைத்துக் குடித்து முடித்தார்.